கட்டில் காலின் குறுக்குவெட்டு

பைப்புக்கு நடுவில் ஓட்டை இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காக நான் அரை நாள் லீவு போட்டு, என் பெண் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஷேர் ஆட்டோவில் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டால்கூட 'நிறுத்துங்க' என்று சத்தமாகச் சொல்ல எனக்கு வராது. வேறு யாராவது அங்கே இறங்கினால் அவர்களோடு இறங்கிக்கொள்வேன். இல்லாவிட்டால் அடுத்த நிறுத்தம் வரை போய், வெயிலில் திரும்பி நடப்பேன். படிப்பு பத்தாவது பாஸ். வயது நாற்பத்து மூன்று. ஒரகடம் பக்கத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்கிற ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. பதினோரு வருடமாக அங்கே பைப் வெட்டுகிறேன்.

என் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பைப் கட்டுக் கட்டாக லாரியில் வரும். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்றை உருவி, அதன் முனையில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்ட வேண்டும். வெட்டின விளிம்பில் பிசிர் நிற்கும். அதை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, துண்டின் முனையை ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, ரிப்போர்ட் தாளில் அதற்கென்று முன்பெல்லாம் இருந்த கட்டத்தில் வைத்து ஒரு அழுத்து. பைப் வைக்கும் கைநாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வெர்னியர் அளவுகோலை வைத்து, பைப் சுவரின் கனத்தை நாலு பக்கமும் அளந்து எழுத வேண்டும். கனம் சரியாக இருந்தால் அந்தக் கட்டு உள்ளே போகும். குறைந்தால் திரும்பிப் போகும்.

வட்டப் பைப் என்றால் தாளில் வளையம் விழும். சதுரப் பைப் என்றால் சதுரத்துக்குள் ஒரு சதுரம். எப்போதாவது ராடு வரும். ராடு என்றால் உள்ளே கெட்டியான கம்பி. அது நெற்றிப் பொட்டு மாதிரி முழுதாக விழும். இதற்கெல்லாம் குறுக்குவெட்டு என்று ஒரு பெயர் இருப்பதும், ஏழாம் வகுப்பில் அது ஒரு பாடமாக வருவதும் எனக்குத் தெரியாது. நாங்கள் செக்‌ஷன் என்போம்.

ஸ்டாம்ப் வைத்த காலத்தில் மை இழுவிப்போன தாள்கள் வீணாகும். பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கும் என்பதால் வீட்டுக்குக் கொண்டுவருவேன். கேட்டில் பையைச் சோதிக்கும் செக்யூரிட்டி அக்கா அதற்கெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை. என் பெண் ஒன்றாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்பு வரை வீட்டுக் கணக்கைப் போட்டதெல்லாம் அந்தத் தாள்களில்தான். கணக்குப் போட்டுவிட்டுத் திருப்பிப் பார்ப்பாள். "அம்மா, இது ராடு. இது பைப்பு. இது ரெண்டும் ஒட்டிக்கினு கீது, இன்னா?" என்று கேட்பாள். நான் சொல்வேன். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அது.

அந்த ஒரே பாடத்துக்குத்தான் அவளுக்குப் பூஜ்ஜியம் போட்டார்கள்.

மாதத் தேர்வு. கணக்கில் திண்ம வடிவங்களை வெட்டுகிற பாடம். செங்கல்லைக் குறுக்கே வெட்டினால் என்ன வடிவம், பந்தை வெட்டினால் என்ன வடிவம், கூம்பை வெட்டினால் என்ன வடிவம் என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். சரியான ஒன்றை டிக் அடிக்க வேண்டும். நான்காவது கேள்வி, வட்டக் குழாயைக் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் வடிவம் எது? வட்டம், செவ்வகம், முக்கோணம், சதுரம்.

என் பெண் எதையும் டிக் அடிக்கவில்லை. 'இது எதுவும் இல்லை' என்று எழுதி, பக்கத்தில் பெரிய வட்டம் போட்டு, அதற்குள் சின்ன வட்டம் போட்டு, இரண்டுக்கும் நடுவில் பென்சிலால் நிரப்பியிருந்தாள். கடையில் விற்கும் வளையல் மாதிரி அத்தனை ஒழுங்காக இருந்தது அந்தப் படம். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

பேப்பர் கொடுத்த அன்று வகுப்பில் நடந்ததை என் பெண் எனக்கு அப்படியே நடித்துக் காட்டினாள். ஆனால் ஐந்து நாள் கழித்துத்தான்.

"டிக் பண்ணத்தானே சொன்னேன், எதுக்குப் படம்லாம்?" என்று கணக்கு மிஸ் கேட்டிருக்கிறார்.

"மிஸ், பைப்புன்னா நடுவுல ஓட்ட இருக்கும் மிஸ். முழு வட்டம் வந்தா அது ராடு."

"ஆன்சர் கீயில வட்டம்னுதான் இருக்கு."

"கீ தப்பு மிஸ்."

"ஓ! கீ தப்பு. ஏன், உங்கம்மா இன்ஜினியரா?"

"இல்ல மிஸ். பைப்பு வெட்றாங்க."

வகுப்பே சிரித்திருக்கிறது. என் பெண் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கேட்டார்கள், உள்ளதைச் சொன்னாள். ஆனால் மிஸ் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேள் என்றார். "எதுக்கு மிஸ்?" என்று கேட்டிருக்கிறாள். அதுதான் பெரிய குற்றமாகப் போயிற்று. மன்னிப்புக் கேட்கும் வரைக்கும் கணக்குப் பீரியட் முழுவதும் வராந்தாவில் நிற்க வேண்டும். நின்றாள். ஒரு நாள் இல்லை, ஐந்து நாள். அந்த வழியாகப் போகிற பிள்ளைகள் எல்லாம் "இன்னா பைப்பு, தண்ணி வர்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்களாம்.

ஐந்தாம் நாள் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தனுப்பினார்கள். அதனால்தான் எனக்குத் தெரிய வந்தது. டைப் அடித்த கடிதம். 'வகுப்பில் ஆசிரியரை எதிர்த்துப் பேசியதற்கும், தவறான விடையைச் சரி என்று வாதிட்டதற்கும் நானும் என் மகளும் மனம் வருந்துகிறோம்.' கீழே இரண்டு கோடு. ஒன்றில் மாணவி கையெழுத்து, இன்னொன்றில் பெற்றோர் கையெழுத்து. நேரில் வந்து பிரின்சிபால் முன்னிலையில் போட வேண்டும் என்று பேனாவால் எழுதியிருந்தது. போடாவிட்டால் அவள் வராந்தாவிலேயே நிற்க வேண்டியதுதான்.

நான் எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தேன். 'தவறான விடை' என்ற இடம் வரும்போது காது சுட்டது. ஆனால் நான் சொன்னது என்ன தெரியுமா? இதைத்தான் மறைக்காமல் எழுத வேண்டும் என்று இருக்கிறேன்.

"போட்டுட்டு வந்துர்லாம்டி. நாளைக்கு லீவு சொல்லிட்டு வர்றேன். ரெண்டு கையெழுத்து. அத்தோட முடிஞ்சுது."

என் கணவர் கம்பெனி ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஆமா, ஒரு வட்டத்துக்குப் போயி இன்னா பஞ்சாயத்து? சாரின்னு சொல்லிட்டுப் போவட்டும்" என்றார்.

என் பெண் அழவில்லை. எழுந்து போய்த் தன் பழைய கணக்குத் தாள்களை வைத்திருக்கும் அட்டைப் பெட்டியை இழுத்து வந்தாள். கிளறி, மூன்று தாள்களை எடுத்து என் முன்னால் பரப்பினாள்.

"நீ சொன்னா நா போட்றேம்மா. ஆனா இத மட்டும் சொல்லு. எல்லாத் தாள்லயும் பைப்பு வளையமா கீது. இந்த மூணுல மட்டும் ஏன் முட்ட மாரி கீது?"

அந்தத் தாள்கள் அவள் பெட்டிக்குள் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது. அவற்றை நான் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

ஒரு தடவை வந்த பைப் லாட் முழுவதும் சுவர் கனம் ஒரு மயிரிழை குறைந்திருந்தது. எங்கள் ரூமின் இன்சார்ஜ் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை சார் என்பேன். வெர்னியரைப் பார்த்தார், யாருக்கோ போன் பண்ணினார், திரும்பி வந்து, "அக்கா, கொஞ்சம் சாச்சு வெட்டுங்க" என்றார். நேராக வெட்டினால்தான் சுவரின் உண்மையான கனம் தெரியும். சாய்த்து வெட்டினால் தடிமனாகக் காட்டும். வாழைக்காயைச் சாய்த்துச் சீவினால் பில்லை நீளமாக விழுகிறதே, அப்படி. அளவு சரியாக வந்துவிட்டது. அவர் வேகமாக எழுதிக்கொண்டார். ஆனால் பைப்பின் கைநாட்டுக்கு ஏமாற்றத் தெரியாது. ஸ்டாம்ப் வைத்ததும் வளையம் முட்டையாக விழுந்தது. பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும். "இந்தத் தாள கிழிச்சிப் போட்ருங்க, வேற தாள்ல எழுதிக்கலாம்" என்றார். மூன்று நாள் சாய்த்து வெட்டினேன், நாளுக்கு ஒரு தாள். அடுத்த மாதம் புது ஃபாரம் வந்தது. அதில் ஸ்டாம்புக்குக் கட்டமே இல்லை.

அந்த மூன்று தாளையும் நான் கிழிக்கவில்லை. சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்தப் பைப்பெல்லாம் சீட்டாகி, அந்தச் சீட்டெல்லாம் காராகி, யார் யாரோ அதில் உட்கார்ந்து போகிறார்கள். ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

என் பெண்ணிடம் சொன்னேன். "சாச்சு வெட்டினா அப்டித்தான் வரும்."

"ஏன் சாச்சு வெட்டின?"

"வெட்டச் சொன்னாங்க."

"நேரா வெட்டுனாத்தான கரெக்டு? நீதான சொல்லுவ?"

"சொன்னாங்கடி. வெட்டினேன். வுடேன்."

அவள் அந்த மூன்று தாளையும் தட்டி அடுக்கினாள். "அப்போ, அவங்க சொன்னாங்கன்னு நீ முட்ட வெட்டுன. இவங்க சொல்றாங்கன்னு நா வட்டம்னு எழுதணும். அப்டிதான?"

கை ஓங்கிவிட்டேன். அவள் நகரவே இல்லை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஓங்கின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்பக்கம் போனேன்.

பின்பக்கம் தண்ணித் தொட்டி ஓரமாக ஓர் உடைந்த மடக்குக் கட்டில் கிடந்தது. ஒன்றேகால் இஞ்ச் பைப்பில் செய்த கால். எனக்கு யார் மேல் கோபம் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது. மிஸ் மேல், கடிதத்தை டைப் அடித்தவர் மேல், இன்சார்ஜ் மேல், 'ஒரு வட்டத்துக்குப் போயி' என்று சொன்ன மனிதர் மேல். எல்லாவற்றுக்கும் மேலே, பதினோரு வருடமாக வெட்டு வெட்டு என்று வெட்டிவிட்டு, வெட்டினால் என்ன வரும் என்று தெரிந்தும் சொல்லாத என் வாய் மேல். சாமான் பெட்டியிலிருந்து ஆக்ஸா பிளேடை எடுத்து வந்து கட்டில் காலை அறுக்க ஆரம்பித்தேன். சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது.

சத்தம் கேட்டு என் கணவர் வந்தார். "அடியே! கட்டில் காலு அது!"

"உடைஞ்ச கட்டில்தான."

"நாளைக்கு வெல்டிங் வெக்கலாம்னு இருந்தேன்."

"ரெண்டு வருசமா நாளைக்கு."

 நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. அவர் உட்கார்ந்து கட்டிலின் மறுமுனையை ஆடாமல் பிடித்துக்கொண்டார். கம்பெனியில் மெஷின் வெட்டும். கையால் வெட்டும்போது பிளேடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். விடவில்லை. நூல் கட்டி, கோடு போட்டு, சுற்றிச் சுற்றி அறுத்தேன். துணி துவைக்கிற கல்லில் பிசிரைத் தேய்த்தேன். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நேர் வெட்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படி வெட்டியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை, பள்ளிக்கூடத்தில் பிரேயர் மணி அடிப்பதற்கு முன்பே நானும் என் பெண்ணும் போய்விட்டோம். துண்டு என் சாப்பாட்டுப் பையில் இருந்தது. வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சார், பைப்புக்குள்ள ஓட்ட இருக்கும் சார். கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்தால் மறந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து.

பிரின்சிபால் அறையில் கணக்கு மிஸ்ஸும் இருந்தார். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். தெற்கேயிருந்து வந்து, இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார் என்று என் பெண் சொல்லியிருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அதனால் நாங்கள் நின்றோம்.

"வாங்கம்மா" என்றார் பிரின்சிபால். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார். "பொண்ணு நல்லாப் படிக்கற பொண்ணுதான். வாய்தான் கொஞ்சம் நீளம். வயசு அப்படி. ஒரு கையெழுத்து போட்டுட்டா க்ளாஸுக்குப் போயிடலாம். எனக்கும் பிரேயருக்கு டைம் ஆச்சு."

கடிதத்தை என் பக்கம் தள்ளி, பேனாவையும் வைத்தார்.

நான் வாயைத் திறந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது ஒரு எழுத்துகூட வரவில்லை. "சார்" என்றேன். அதோடு நின்றுவிட்டது.

"சொல்லுங்க."

"சார், பைப்பு…"

"ம்?"

மிஸ் குறுக்கே பேசினார். "சார், அந்த நாலாவது கேள்வியத்தான் சொல்லுதாங்க. அது கீயில வட்டம்னுதான் சார் இருக்கு. இவ க்ளாஸ்ல வச்சு கீயே தப்புங்கா."

"கீ ஹெட் ஆபீஸ்லேர்ந்து வருதும்மா" என்று பிரின்சிபால் எனக்கு விளக்கினார், சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல. "நம்ம ப்ராஞ்ச் மட்டும் இல்ல, எல்லா ப்ராஞ்சுக்கும் அதே கீ. அவ்வளவு பேர் செக் பண்ணித்தானே அனுப்பறாங்க? உங்க பொண்ணு ஒருத்திக்கு மட்டும் வேற மாதிரி தெரியுதுன்னா எப்படி? நீங்க எந்தக் கம்பெனியிலம்மா இருக்கீங்க? அங்க மேல இருந்து ஒண்ணு சொன்னா நீங்க செய்யறதில்லையா?"

அவருக்கு ஒன்றும் தெரியாது. சும்மாதான் சொன்னார். ஆனால் என் பெண் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

மேஜையில் பள்ளிக்கூட முத்திரை இருந்தது, அதன் பக்கத்திலேயே ஊதா நிற ஸ்டாம்ப் பேடு மூடி திறந்தபடி இருந்தது. பதினோரு வருடப் பழக்கம். வாய் வராவிட்டாலும் கைக்குத் தெரிந்துவிட்டது. பைக்குள் கையை விட்டுக் கட்டில் காலை எடுத்தேன். பேடில் ஒற்றினேன். கடிதத்தில் பெற்றோர் கையெழுத்து என்று போட்டிருந்த கோட்டின் மேல் வைத்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து.

எடுத்தேன். அழகான வளையம். எங்கேயும் இழுவவில்லை. எங்கேயும் முட்டை இல்லை.

"அய்யோ, என்னம்மா பண்றீங்க? ஆபீஸ் லெட்டர்மா அது!"

"இதான் சார் பதிலு" என்றேன். என் குரல் எனக்கே கரடுமுரடாகக் கேட்டது. "பைப்பு. குறுக்க வெட்டுனது. நேத்து நாந்தான் வெட்டுனேன். நடுவுல ஒண்ணும் இல்ல சார். இல்லாத எடத்துல இருக்குதுன்னு என் பொண்ணு எதுக்கு எழுதணும்? எதுக்கு அஞ்சு நாளு வராந்தாவுல நிக்கணும்?"

அவ்வளவுதான் பேசினேன். என் வாழ்க்கையில் ஓர் ஆபீஸ் அறையில் நான் பேசிய அதிகபட்சம் அது.  

பிரின்சிபால் கடிதத்தைப் பார்த்தார். பிறகு நான் மேஜையில் வைத்த துண்டைக் கையில் எடுத்தார். பைப் துண்டைக் கையில் எடுக்கிற யாரும் செய்யாமல் இருக்க முடியாத ஒரு காரியம் உண்டு. எங்கள் ரூமுக்கு ஆடிட்டுக்கு வருகிற பெரிய பெரிய ஆட்களும் அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவரும் செய்தார். தூக்கிக் கண்ணில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் வழியாகப் பார்த்தார். முதலில் ஜன்னலை. பிறகு மிஸ்ஸை. பிறகு என் பெண்ணை.

"முழு வட்டமா இருந்தா எப்டி சார் தெரியும்?" என்று என் பெண் கேட்டாள்.

அவர் சட்டென்று துண்டைக் கீழே வைத்தார்.  மிஸ் அவர் முகத்தைப் பார்த்தார், நான் பார்த்தேன், என் பெண்ணும் பார்த்தாள். மை வைத்த முனையைத்தான் கண்ணில் வைத்திருந்தார். வலது கண்ணைச் சுற்றி, புருவத்திலிருந்து கன்னத்து மேடு வரைக்கும், ஊதா நிறத்தில் ஒரு வளையம்.

"சரி" என்றார் அவர், ஒன்றும் தெரியாமல். கண்ணாடியை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "குழாய் அப்படித்தான் இருக்கும், இல்லேங்கல. ஆனா ஆப்ஷன்ல அது இல்லையே?"

"இல்லன்னுதான சார் எழுதினா" என்றேன்.

"மார்க் எல்லாம் மாத்த முடியாதும்மா. அது சிஸ்டத்துல ஏத்தியாச்சு. சாரி சொல்ல வேணாம், போங்க. க்ளாஸுக்குப் போகட்டும். ஆனா ஒண்ணு. பொம்பளப் புள்ள, இந்த வாய கொஞ்சம் அடக்கச் சொல்லி வைங்க. உங்கள மாதிரி அமைதியா இருக்கக் கத்துக்கட்டும்."

உங்களை மாதிரி. அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அதுவரைக்கும் வந்ததெல்லாம் கோபமே இல்லை. அவர் முகத்தில் இருந்த மையைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்திருந்தேன். மனசு இளகக்கூடியவள்தான் நான். அந்த வார்த்தைக்குப் பிறகு சொல்லவில்லை.

மணி அடித்தது. அவர் எழுந்து வேகமாக மைதானத்துக்கு நடந்தார். மிஸ்ஸும் அவரோடு போக வேண்டும். வாசலில் ஒரு நொடி நின்று என்னைப் பார்த்தார். "நான் என்ன செய்யட்டுங்க? கீ மேல இருந்துல்லா வருது" என்றார், மெதுவாக. அதில் வருத்தம் இருந்ததா, சமாளிப்பு இருந்ததா தெரியவில்லை. எனக்கு அந்தப் பேச்சு நன்றாகத் தெரியும். நான் பேசுகிற பேச்சுதான். அதனாலேயே என்னால் அதை மன்னிக்க முடியவில்லை. ஆனால் ஒன்று, பிரின்சிபால் முகத்தில் இருந்ததை அவரும் சொல்லவில்லை. அவர் பின்னாலேயே உதட்டைக் கடித்துக்கொண்டு போனார்.

கடிதத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. மேஜையிலேயே கிடந்தது. என் பெண்ணின் கோடு காலியாக இருந்தது. கட்டில் காலை மட்டும் எடுத்துத் துணியில் சுற்றினேன்.

வராந்தாவில் என் பெண் என் கையைப் பிடித்தாள். "அம்மா, சார் கண்ணுல…"

"பாத்தேன்."

"சொல்லலாமா?"

"வேணாம். ஆப்ஷன்ல இல்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஏழாம் வகுப்பு வரிசைக்கு ஓடினாள். நான் கேட் பக்கம் நின்றேன். அவர் மேடையில் ஏறி, மைக்கைத் தட்டி, ஒழுக்கத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். முதல் வரிசையில் எல்.கே.ஜி. பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அதில் ஒரு குழந்தை கையை நீட்டி, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "மிஸ்! சார் கண்ணுல ரிங்கு!" என்றது. வட்டம் என்று சொல்லவில்லை. நான்கு வயது இருக்குமா அதற்கு? அதற்குத் தெரிகிறது. சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. அவர் மைக்கில் "சைலன்ஸ்" என்றார். இன்னும் கூடிற்று.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு அவள் மார்க் இன்றைக்கும் பூஜ்ஜியம்தான். எத்தனை பிராஞ்சில் எத்தனை பிள்ளைகள் பைப்பை முழு வட்டம் என்று டிக் அடித்துவிட்டு, சரி என்று நினைத்துக்கொண்டு, நாளைக்கு எந்த ரூமில் எந்த இன்சார்ஜ் நாற்காலியில் உட்காரப் போகிறார்களோ. பிள்ளைகள் அவளை இன்னும் பைப்பு என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்போது அவள் திரும்பிப் பார்க்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று மதியம் வேலைக்குப் போனேன். ஷேர் ஆட்டோவில் கம்பெனி கேட் வந்ததும் "நிறுத்துங்க" என்றேன். டிரைவர் பயந்து பிரேக் போட்டார். அத்தனை சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.

ரூமில் பைப் கட்டு காத்திருந்தது. வெட்டினேன். புது ஃபாரத்தில் ஸ்டாம்புக்குக் கட்டம் இல்லை. அலமாரிக்கு அடியில் எங்கள் பழைய பேடு காய்ந்துபோய்க் கிடந்தது. இரண்டு சொட்டு மை விட்டு ஊறவைத்தேன். தாளைத் திருப்பி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் வைத்து அழுத்தினேன். இன்சார்ஜ் வந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இன்னா இது? இப்போதான் ஸ்டாம்ப் கெடையாதே?"

"செக்‌ஷன் சார்" என்றேன்.

"யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கல."

அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அடுத்த பைப்பை உருவி மெஷினில் வைத்து, நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.